502-ஆம் அறையும் சின்னப்பாட்டியின் எடை மெஷினும்

இரவு பதினொரு மணிக்கு மேல் பேய் வீடியோ பார்க்கும் கெட்ட பழக்கம் எனக்கு உண்டு. பேயில் நம்பிக்கை இருக்கிறதா என்று கேட்டால் பகலில் ஒரு பதிலும் ராத்திரியில் ஒரு பதிலும் சொல்வேன். எந்த ஊர்ப் பேயில் தொடங்கினாலும் நாலாவது ஐந்தாவது வீடியோவுக்குள் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலம், லூயிவில் நகரத்துக்கு வந்து சேர்ந்துவிடுவேன். அங்கே ஒரு குன்றின் மேல் வேவர்லி ஹில்ஸ் என்ற பழைய காசநோய் மருத்துவமனை நிற்கிறது. ஐந்து மாடி. செங்கல் கட்டடம். இரண்டு பக்கமும் சற்றே வளைந்து நீளும் தாழ்வாரங்கள். வானத்திலிருந்து பார்த்தால் சிறகு விரித்த வௌவால் போல் இருக்கும். பேய்க்கென்று யாராவது வரைபடம் போட்டுக் கட்டியிருந்தாலும் இவ்வளவு பொருத்தமாக வந்திருக்காது.

வீடியோக்கள் எல்லாம் ஒரே அச்சு. பச்சை நிற இரவுக் கேமரா, நீளமான தாழ்வாரம், கையில் மின்காந்தப் புலம் அளக்கும் கருவி. "கேட்டுச்சா? இப்ப கேட்டுச்சா?" என்று ஒருவர் கிசுகிசுப்பார். எனக்கு ஒன்றும் கேட்டிருக்காது. ஆனாலும் ஒலியைக் கூட்டி வைத்து இன்னொரு தடவை கேட்பேன்.

கதைகளும் மனப்பாடம் ஆகிவிட்டன. ஐந்தாம் மாடியில் 502-ஆம் அறை. 1928-இல் அங்கே ஒரு நர்ஸ் தூக்கில் தொங்கினாள், மணமாகாமல் கர்ப்பமாக இருந்தாள் என்பார்கள். சில வருடம் கழித்து இன்னொரு நர்ஸ் அதே மாடியிலிருந்து குதித்தாள் என்பார்கள். டிம்மி என்று ஒரு சின்னப் பையன் பந்து விளையாடுவானாம். பார்க்க வருகிறவர்கள் அவனுக்கென்று பந்து வாங்கிக்கொண்டு வந்து தாழ்வாரத்தில் வைத்துவிட்டுப் போகிறார்கள். நாலாம் மாடியில் நிழல் மனிதர்கள். குன்றின் அடிவாரம் வரை இறங்கும் 500 அடிச் சுரங்கப்பாதை. பிணங்களை யார் கண்ணிலும் படாமல் கீழே அனுப்பிய பாதை. இவை எல்லாவற்றுக்கும் மேல் ஒரு எண்: அந்தக் கட்டடத்தில் இறந்தவர்கள் 63,000 பேர்.

இந்த எண்தான் என்னைத் தூங்கவிடவில்லை. பயத்தால் அல்ல, கணக்கு இடித்ததால்.

மருத்துவமனை 1910 ஜூலையில் திறந்தது, 1961-இல் மூடியது. 51 வருடம். 63,000-ஐ 51-ஆல் வகுத்தால் வருடத்துக்கு 1,235 சாவு. தினமும் மூன்றுக்கு மேல். 1910-இல் அங்கே இருந்தது இந்தப் பெரிய கட்டடமே இல்லை. நாற்பது ஐம்பது பேர் தங்குகிற இரண்டு மாடி மரக்கட்டடம். ஐந்து மாடிக் கட்டடம் 1926 அக்டோபரில்தான் திறந்தது. அதிலும் சுமார் 400 பேருக்குத்தான் இடம். சில வீடியோக்களில் "உச்சத்தில் மணிக்கு ஒரு சாவு" என்று இன்னும் ஒரு படி மேலே போவார்கள். மணிக்கு ஒன்று என்றால் நாளைக்கு 24. பதினேழே நாளில் 400 கட்டிலும் காலியாகிவிடும். நோயாளி இறந்த வேகத்தில் புது நோயாளியைக் கொண்டுவந்து படுக்கவைக்கவே லாரி வைக்க வேண்டியிருந்திருக்கும்.

அங்கே துணை மருத்துவ இயக்குநராக வேலை பார்த்த டாக்டர் ஜே. ஃப்ராங்க் ஸ்டூவர்ட் சொன்ன கணக்கு வேறு. ஒரே வருடத்தில் அதிகமாக இறந்தவர்கள் 152 பேர். இரண்டாம் உலகப் போர் முடிகிற சமயத்தில், முற்றிய நோயோடு சிப்பாய்கள் திரும்பி வந்தபோது. சரி, 51 வருடமும் அதே மோசமான வருடம் என்றே வைத்துக்கொள்வோம். 152-ஐ 51-ஆல் பெருக்கினால் 7,752. எவ்வளவு தாராளமாகக் கணக்குப் போட்டாலும் எட்டாயிரத்தைத் தாண்டவில்லை. 63,000 எங்கிருந்து வந்தது? வாய்விட்டு வாய் போகும்போது எண்களும் சதை போடும், அவ்வளவுதான்.

எட்டாயிரம் என்பது குறைந்துபோய்விட்டதா என்ன? இரண்டரை நாளுக்கு ஒரு சாவு என்பது ஒரு மருத்துவமனைக்குப் போதாதா? பேய்க்கதை சொல்கிறவர்களுக்குப் போதவில்லை. அதில்தான் எனக்கு வருத்தம்.

இடத்தின் முன்கதை மிகச் சாது. 1883-இல் தாமஸ் ஹேஸ் என்ற மேஜர் இந்தக் குன்றை வாங்கினார். பள்ளிக்கூடம் தூரம் என்பதால் தன் பெண்களுக்காக ஒற்றை அறைப் பள்ளி ஒன்று கட்டினார். வேலைக்கு வந்த டீச்சருக்கு ஒரு நாவல் வரிசை மேல் அப்படி ஒரு ஆசை. அதன் பெயரையே பள்ளிக்கு வைத்தார். மேஜருக்கும் பிடித்துப்போய்க் குன்றுக்கும் அதே பெயர். பிற்பாடு மருத்துவமனைக்கு நிலத்தை வாங்கியவர்கள் பெயரை மாற்றவில்லை. உலகத்தின் பயங்கரமான பெயர்களில் ஒன்று இப்படிப் பாடம் நடத்தப் போன ஒரு பெண்ணின் வாசிப்பு ரசனையிலிருந்து வந்தது.

மருந்து இல்லாத காலத்தில் காசத்துக்கு மருந்து காற்று, வெயில், ஓய்வு, நல்ல சாப்பாடு. ஆகவே குன்றின் மேல், காற்று பிடிக்கும் இடமாகப் பார்த்துக் கட்டினார்கள். நோயாளி அறைகளின் வெளிப்பக்கம் நெடுக வராந்தா. அதற்குக் கண்ணாடி கிடையாது, கம்பிவலைதான். கட்டிலை உருட்டிக்கொண்டு வந்து வராந்தாவில் விட்டுவிடுவார்கள். பனிக்காலத்திலும் அப்படித்தான். போர்வை மேல் பனி விழுந்து கிடக்கும், ஆள் உள்ளே படுத்திருப்பார். மொட்டை மாடியில் குழந்தைகள் வெயில் காய்வார்கள். தபால் நிலையம், தண்ணீர் சுத்திகரிப்பு, காய்கறித் தோட்டம், கால்நடை எல்லாம் உள்ளேயே. போனால் மாதக்கணக்கு, சில பேருக்கு வருடக்கணக்கு.

ஒன்றைக் கவனியுங்கள். உள்ளே காற்று வர வேண்டும் என்பதற்காகவே திட்டம் போட்டுக் கட்டிய கட்டடம் அது. இப்போது கம்பிவலையும் போய்விட்டது, பல கதவுகளும் இல்லை. ராத்திரி அந்தத் தாழ்வாரத்தில் ஏதோ ஊளையிடுகிறது, கதவு ஆடுகிறது, பந்து தானாக உருள்கிறது என்றால் எனக்கு ஆச்சரியமே இல்லை. யாரோ மூச்சுவிடுகிற மாதிரி கேட்டது என்று ஒரு பெண் வீடியோவில் சொன்னாள். கேட்டிருக்கும். அந்தக் கட்டடத்தின் வேலையே அதுதானே.

காற்றுக்கும் பேய்க்கும் சம்பந்தம் உண்டு என்று நான் மட்டும் சொல்லவில்லை. இங்கிலாந்தில் விக் டாண்டி என்ற பொறியாளர் 1998-இல் ஒரு கட்டுரை எழுதினார். அவருடைய ஆய்வுக்கூடத்தில் ராத்திரி உட்கார்ந்தால் காரணமில்லாத கலக்கம், குளிர் வியர்வை, ஓரக்கண்ணில் சாம்பல் நிற உருவம். துருவிப் பார்த்தால் காரணம் ஒரு மின்விசிறி. காதுக்கு எட்டாத, விநாடிக்கு ஏறக்குறைய 19 அதிர்வு உள்ள தாழ்ந்த ஒலியை அது எழுப்பிக்கொண்டிருந்தது. விசிறியைச் சரிசெய்ததும் ஆவி போய்விட்டது. படிக்க ருசியான விஷயம். ஆனால் இதை எல்லா ஊர்ப் பேய்க்கும் ஒரே கஷாயமாகக் கரைத்துக் கொடுக்கிறவர்களிடமும் எனக்குச் சந்தேகம்தான். ராத்திரி, இருட்டு, முன்கூட்டியே கேட்ட கதை, பக்கத்தில் பயந்த ஒரு ஆள். இந்த நாலும் இருந்தால் மின்விசிறியே வேண்டாம்.

இந்த இடத்தில் என் சின்னப்பாட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாட்டியின் தங்கை. கல்யாணமாகி இரண்டு வருடத்தில், 1955 வாக்கில், அவளுக்கு டி.பி. வந்தது. எங்கள் வீட்டில் அந்த வார்த்தையை உரக்கச் சொல்ல மாட்டார்கள். "சின்னவளுக்கு நெஞ்சுல கொஞ்சம்..." என்று இழுத்து நிறுத்துவார்கள். பதினாலு மாதம் ஒரு சானடோரியத்தில் இருந்துவிட்டு வந்தாள். வரும்போது இடது பக்கம் ஆறு விலா எலும்பு இல்லை. நோய் பிடித்த நுரையீரலை அமுங்க வைத்து ஓய்வு கொடுத்தால் ஆறும் என்று அந்தக் காலத்தில் செய்த அறுவை சிகிச்சை அது. வேவர்லியிலும் இதைச் செய்தார்கள். ஊசி வழியாக நெஞ்சுக்குள் காற்றை ஏற்றி நுரையீரலைச் சுருங்க வைப்பது இன்னொரு முறை. பேய் வீடியோக்களில் இதைச் 'சித்திரவதைப் பரிசோதனை' என்று சொல்லி இசை போடுவார்கள். சித்திரவதைதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எங்கள் சின்னப்பாட்டி அதற்குப் பிறகு அறுபது வருடம் இருந்தாள். இடது தோள் மட்டும் கொஞ்சம் இறங்கியிருக்கும். ரவிக்கை தைக்கக் கொடுக்கும்போது டெய்லரிடம் அதைத் தனியாகச் சொல்லுவாள்.

சின்ன வயதில் அவளிடம் கேட்டிருக்கிறேன், "அங்க பேய் இருந்துச்சா பாட்டி?"

"பேயா? அதுக்கு ஏதுடா அங்க இடம்? கட்டிலுக்குக் கட்டில் ஆளு."

"அப்ப பயமே இல்லையா?"

"சனிக்கிழமைன்னா பயம். அன்னைக்குத்தான் எடை போடுவாங்க."

வாரம் ஒரு முறை எல்லோரையும் வரிசையில் நிற்கவைத்து எடை பார்ப்பார்களாம். எடை ஏறினால் நோய் இறங்குகிறது என்று அர்த்தம். இறங்கினால் நர்ஸ் ஒன்றும் பேசாமல் அட்டையில் எழுதிக்கொண்டு போவாள். சனிக்கிழமை காலையில் வயிறு முட்டத் தண்ணீர் குடித்துவிட்டுப் போகிறவர்கள் உண்டாம். ஒருத்தி முந்தானையில் கல்லை முடிந்துகொண்டு போய் மாட்டிக்கொண்டாளாம். அதைச் சொல்லும்போது சின்னப்பாட்டி சிரிப்பாள். கல் முடிந்தவள் என்ன ஆனாள் என்று நான் கேட்டதில்லை.

அந்தப் பழக்கம் கடைசிவரை போகவில்லை. ரயில்வே பிளாட்பாரத்தில் காசு போட்டால் விளக்கு சுற்றி அட்டை துப்புமே, அந்த எடை மெஷின். எந்த ஸ்டேஷனிலும் அதைக் கண்டால் விடமாட்டாள். அட்டையின் ஒரு பக்கம் எடை, மறுபக்கம் 'நீங்கள் நினைத்த காரியம் கைகூடும்' என்கிற மாதிரி ஒரு வரி ஜோசியம். நாங்கள் ஜோசியத்துக்கு அடித்துக்கொள்வோம். அவள் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு அட்டையை எங்களிடம் கொடுத்துவிடுவாள்.

காசநோய்க்கு மருந்தான ஸ்ட்ரெப்டோமைசினை 1943-இல் கண்டுபிடித்தார்கள். 1952-இல் ஐசோனியசிட் மாத்திரை வந்தது. அதற்குப் பிறகு சானடோரியங்கள் உலகம் முழுக்கக் காலியாகத் தொடங்கின. இதில் சென்னைக்கு ஒரு பெரிய பங்கு உண்டு, நம்மில் பலருக்கே தெரியாது. 1956-இல் சென்னையில் தொடங்கிய காசநோய் வேதிச்சிகிச்சை மையத்தில் ஒரு சோதனை செய்தார்கள். நோயாளிகளில் ஒரு பகுதியைச் சானடோரியத்தில் வைத்து நல்ல சாப்பாடும் ஓய்வும் கொடுத்தார்கள். இன்னொரு பகுதியைத் தங்கள் நெருக்கடியான வீடுகளிலேயே விட்டார்கள். இரு தரப்புக்கும் ஒரே மருந்து, ஒரு வருடம். 1959-இல் முடிவு வெளியானது: வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமானார்கள், வீட்டில் மற்றவர்களுக்கு அதனால் கூடுதலாக நோய் தொற்றவும் இல்லை. குன்று, காற்று, வராந்தா, பனி எல்லாம் தேவையில்லை, மாத்திரையை ஒழுங்காக விழுங்கினால் போதும் என்று ஆகிவிட்டது. சின்னப்பாட்டிக்கு நாலு வருடம் தள்ளி நோய் வந்திருந்தால் ஆறு எலும்பும் மிஞ்சியிருக்கும்.

வேவர்லி 1961-இல் மூடியது. பேய் வீடியோக்கள் இங்கிருந்து நேராக இருட்டுக் கட்டடத்துக்குத் தாவிவிடும். நடுவில் இருபது வருடத்தைக் காணோம். 1962-இல் அதே கட்டடம் உட்ஹேவன் என்ற பெயரில் முதியோர் பராமரிப்பு இல்லமாகத் திறந்தது. மறதி நோய் வந்தவர்கள், நடமாட முடியாதவர்கள், மனவளர்ச்சி குன்றியவர்கள் அங்கே இருந்தார்கள். ஆட்கள் அதிகம், பார்த்துக்கொள்ளக் கைகள் குறைவு. நோயாளிகளைச் சரியாகக் கவனிக்கவில்லை என்ற குற்றச்சாட்டின் பேரில் 1982-இல் மாநில அரசு அதை மூடியது.

இதுதான் எனக்கு உறுத்துகிறது. அந்தக் கட்டடத்தில் அரசாங்கமே பூட்டுப் போடும் அளவுக்குத் தப்பு நடந்ததாகச் சொல்லப்படுகிற காலம், காசநோய்க் காலம் அல்ல. டாக்டர்களும் நர்ஸுகளும் தங்களுக்கே தொற்றும் என்று தெரிந்து வேலை பார்த்த காலம் அது. ஆனால் பேய்கள் ஏறத்தாழ எல்லாம் அந்தக் காலத்து ஆட்கள்தான்: அழகான நர்ஸ், பந்து விளையாடும் பையன். கையில் சங்கிலியோடு ஓடிவரும் மூதாட்டி ஒருத்தி சில கதைகளில் வருகிறாள், அவ்வளவுதான். படுக்கையிலேயே கிடந்து, பேர் மறந்து, யாரும் பார்க்க வராமல் போன கிழவர்களுக்குப் பேயாகக்கூட இடம் கிடைக்கவில்லை. சுவாரசியம் போதாது போலிருக்கிறது.

502-ஆம் அறை நர்ஸுக்கும் ஆதாரம் என்று எதையும் யாரும் காட்டவில்லை. அந்தச் சுரங்கம் மட்டும் நிஜம். ஆனால் அதைப் பிணத்துக்காகத் தோண்டவில்லை. ஒரு பக்கம் படிக்கட்டு, மறுபக்கம் சரக்கு வண்டி ஏறி இறங்கும் பாதை. சாமான் கொண்டுவரவும், பனிக்காலத்தில் வேலைக்காரர்கள் ஏறி இறங்கவும் கட்டியது. சாவு அதிகமானபோது அதே வழியாகச் சடலங்களையும் இறக்கினார்கள். காரணம், வராந்தாவில் படுத்திருப்பவர்களின் கண்ணில் பிண வண்டி பட்டால் மனசு விட்டுப்போகும் என்பது. அதைச் சூழ்ச்சி என்று சொல்லலாம், இங்கிதம் என்றும் சொல்லலாம். நான் இரண்டாவதைச் சொல்லுவேன்.

1982-க்கு அப்புறம் கட்டடம் சீரழிந்த கதை பேய்க்கதையைவிட விசித்திரம். வாங்கிய ஒருவர் சிறைச்சாலையாக்கப் பார்த்தார், அக்கம்பக்கத்தார் விடவில்லை. 1996-இல் வாங்கியவருக்கு ரியோ நகரத்தில் இருப்பதைப் போல, அதைவிடப் பெரிதாக, 150 அடி உயர இயேசு சிலையை அங்கே நிறுத்த ஆசை. முதல் கட்டத்துக்கு மட்டும் 40 லட்சம் டாலர் தேவைப்பட்டது. சேர்ந்தது சுமார் 3,000 டாலர். திட்டம் அடுத்த வருடமே கைவிடப்பட்டது. இதற்கிடையில் ஊர்ப் பையன்கள் உள்ளே புகுந்து ஜன்னல்களை உடைத்தார்கள், சுவரெல்லாம் கிறுக்கினார்கள். பேய்க்கதைகள் கொழுத்தது இந்தக் காலத்தில்தான். 2001-இல் ஒரு தம்பதி வாங்கினார்கள். பகலில் வரலாற்றுச் சுற்றுலா, இரவில் பேய் தேடல், அக்டோபரில் பயமுறுத்தும் கண்காட்சி. அந்த டிக்கெட் பணத்தில்தான் பழுது பார்க்கிறார்கள். சிலைக்கு வராத பணம் பேய்க்கு வருகிறது. பேய் இல்லையென்றால் அந்தக் கட்டடம் எப்போதோ செங்கல் குவியலாகியிருக்கும். அதனால் அந்த 63,000-ஐ நான் திட்டும்போது கொஞ்சம் தயக்கத்தோடுதான் திட்டுகிறேன்.

நம்மிடம் சானடோரியம் என்றால் என்ன? ரயில்வே ஸ்டேஷன். குரோம்பேட்டைக்கும் தாம்பரத்துக்கும் நடுவில் மின்சார ரயில் நிற்கும், ஆயிரம் பேர் ஏறி இறங்குவார்கள். 1928-இல் டாக்டர் சௌரி முத்து தொடங்கிய காசநோய் சானடோரியத்தின் பெயர் அது. அரசு நெஞ்சக மருத்துவமனையாக இன்றும் இயங்குகிறது. காலையில் புறநோயாளிச் சீட்டுக்கு வரிசை நிற்கிறது. அங்கே எத்தனை பேர் இறந்திருப்பார்கள்! ஆனாலும் அந்த ஸ்டேஷனில் யாரும் பயந்து நான் பார்த்ததில்லை. ஒரு மருத்துவமனையைப் பேய் பிடிக்க வேண்டுமானால் முதலில் நோயாளிகள் கிளம்பிப் போக வேண்டும் என்று நினைக்கிறேன். கட்டிலுக்குக் கட்டில் ஆள் இருக்கும்வரை அதற்கு இடமில்லை.

சின்னப்பாட்டி இறப்பதற்கு முந்தைய வருடம் ஒரு நாள் மத்தியானம் போனில் வேவர்லி வீடியோ ஒன்றைப் போட்டுக் காட்டினேன். ஒலியை நிறுத்திவிட்டுத்தான். பயந்துவிடுவாளோ என்று எனக்குக் கொஞ்சம் பயம். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள். பச்சை வெளிச்சத்தில் அந்த நீள வராந்தா ஓடிக்கொண்டே இருந்தது.

"வராந்தா நல்ல அகலம்டா" என்றாள். விரலால் திரையைத் தொட்டாள். வீடியோ நின்றுவிட்டது. உதடு அசைய எதையோ எண்ணினாள்.

"இந்தப் பக்கம் மட்டும் இருபது கட்டில் போடலாம். எங்களுக்குப் பதினாறுதான்."

மறுபடி ஓடவிட்டேன். கேமராக்காரர்கள் எதற்கோ பயந்து திரும்பி ஓடினார்கள். படம் குலுங்கியது.

"ஏன் இப்படி ஓடறாங்க?"

"பேய் வந்துடுச்சாம் பாட்டி."

"மெதுவா நடக்கச் சொல்லு" என்றாள். "படுத்திருக்கிறவங்களுக்கு இருமல் வந்துடும்."